தவறுக்கு அடுத்த பந்து: ஃபுளோரிடாவில் ஒரு வாரம்

மார்ச் 6, வெள்ளி. லான்சிங்கிலிருந்து நாக்ஸ்வில்

காலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது வெளியே மைனஸ் 8 டிகிரி. வண்டிக் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டித் தள்ளவே கால் மணி நேரம் ஆகிவிட்டது. வண்டியின் பின்பக்கம் முழுக்க மகளுடைய கல்லூரி சாஃப்ட்பால் (பேஸ்பாலின் தங்கை மாதிரியான ஆட்டம்) அணியின் சாமான்கள்: மடக்கு நிழற்கூடாரம் இரண்டு, கூலர் பெட்டிகள், ஒரு வாளி நிறைய மஞ்சள் பந்துகள். பிள்ளைகள் நாளை விமானத்தில் வருகிறார்கள். காரில் போகிற பெற்றோர்கள் சாமான்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எனக்குத் துணை அப்பாதான்.

அப்பா கோவில்பட்டியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு ஹாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு மட்டையோடு பையன்கள் திரிகிற ஊர். ஜனவரியில் எங்களிடம் வந்தார். இந்த மாதம் 24-ஆம் தேதி திரும்ப டிக்கெட். அதற்குள் பேத்தி ஆடுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் மிச்சிகனில் அதற்குள் மைதானம் பனியை விட்டு வெளியே வராது. ஃபுளோரிடாவுக்குப் போனால்தான் உண்டு.

வடக்கே இருக்கும் சிறு கல்லூரிகள் எல்லாமே இதைத்தான் செய்கின்றன. வசந்த விடுமுறையில் ஒரு வாரம் தெற்கே போய், ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் என்று ஆடித் தீர்த்துவிட்டு வருவார்கள். எங்கள் மகளின் கல்லூரி, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. இந்தப் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது. இவர்கள் யாரும் தொலைக்காட்சியில் வரப்போவதில்லை. பயணச் செலவில் ஒரு பகுதியைப் பிள்ளைகளே குக்கீ விற்றும் கார் கழுவியும் சேர்த்திருக்கிறார்கள். ஆடப் பிடிக்கும், ஆடுகிறார்கள். எனக்கு இதில் இருக்கும் மரியாதை வேறு எதிலும் இல்லை.

இந்த ஆண்டு அணி மிகவும் இளசு. பதினெட்டுப் பேரில் பத்துப் பேர் முதலாண்டு. நான்காம் ஆண்டில் ஒரே ஒருத்தி, சென்டர்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் பின்பக்க நடுவில் நிற்பவள். போன ஆண்டு ஆடிய இன்ஃபீல்டு (ஓடுகிறவர்கள் தொட வேண்டிய பேஸ்களைச் சுற்றிய உள்பகுதி) நால்வரில் மூவர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். இரண்டாம் பேஸில் என் மகள், ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே) அவளுடைய அறைத்தோழி, இருவரும் முதலாண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் இந்த அணி இன்னும் ஒருநாள்கூட மண்ணில் நின்றதில்லை. ஜனவரி முதல் எல்லாப் பயிற்சியும் உள்ளரங்கில், கூரைக்குக் கீழே.

சின்சினாட்டியில் ஓஹையோ நதியைக் கடந்த பிறகு சாலையோரப் பனி மெலிந்துகொண்டே வந்தது. கென்டக்கியில் புல் தெரிந்தது. இரவு நாக்ஸ்வில்லில் தங்கல். இந்த ஊர் டென்னசி பல்கலைக்கழகத்தின் ஊர். முதல் பிரிவில் பெரிய அணி அது. அந்த அணியின் கார்லின் பிக்கன்ஸ் 2025 மே மாதம் மணிக்கு 79.4 மைல் வேகத்தில் ஒரு பந்து வீசினார். கல்லூரி சாஃப்ட்பாலில் அதுவரை அவ்வளவு வேகம் பதிவானதே இல்லை. விடுதி அறையில் அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"எவ்வளவு தூரத்துலருந்து வீசுறாங்க?"

"43 அடிப்பா."

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். நொடிக்கு ஏறக்குறைய 116 அடி. மட்டை பிடித்தவளுக்குக் கிடைப்பது 0.4 நொடிகூட இல்லை. "பெனால்டி கார்னர்ல கோல் கீப்பர் நிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார். தூங்கும்வரை அந்தத் தாள் அவர் கையிலேயே இருந்தது.

மார்ச் 7, சனி. கிளெர்மான்ட்

ஜார்ஜியா முழுக்க மழை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, லாரிகள் வாரியடித்த தண்ணீரைத் தவிர. ஃபுளோரிடா எல்லைக்கு வந்தபோது வானம் வெளுத்தது. வைல்ட்வுட்டில் டர்ன்பைக் சாலைக்குத் திரும்பி, மாலை ஐந்தரைக்குக் கிளெர்மான்ட் வந்து சேர்ந்தோம். 26 டிகிரி. அப்பா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

ஃபுளோரிடா என்றால் தட்டையான ஊர் என்றுதான் நினைத்திருந்தேன். கிளெர்மான்ட் பக்கம் மேடும் பள்ளமுமாக, ஏரிகளும் ஓக் மரங்களுமாக இருக்கிறது. மரக்கிளைகளில் சாம்பல் நிறப் பாசி தாடி போலத் தொங்குகிறது. விடுதி வாசலில் ஆள் மார்பளவு உயரத்தில் இரண்டு கொக்குகள், தலையில் சிவப்புத் தொப்பி வைத்ததுபோல், யாரையும் சட்டை செய்யாமல் நடந்து போயின. சாண்ட்ஹில் கொக்குகள்.

பிள்ளைகள் ஏழு மணிக்கு வந்தார்கள். மகள் ஓடிவந்து தாத்தாவைக் கட்டிக்கொண்டாள். கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்த கடலை மிட்டாய் பாக்கெட்டுகளை அப்போதே எல்லோருக்கும் கொடுத்துவிட அப்பாவுக்கு ஆசை. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் என்று மகளிடம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லி வைத்திருந்தார். நான் முதலில் பயிற்சியாளரிடம் கேட்டேன். அணியில் ஒரு பெண்ணுக்கு வேர்க்கடலை ஆகவே ஆகாதாம். பாக்கெட்டைப் பிரிக்காமலே வண்டியில் வைத்துப் பூட்டினோம். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்தப் பிள்ளைக்கு வேற என்ன பிடிக்கும்னு கேளு" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 8, ஞாயிறு. முதல் இரண்டு ஆட்டங்கள்

மார்ச் இரண்டாம் ஞாயிறு என்பதால் விடியற்காலையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விட்டது. ஒன்பது மணி ஆட்டம் பிள்ளைகளின் உடம்புக்கு எட்டு மணி ஆட்டம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் ஆட்டம் 1–9, ஐந்து இன்னிங்ஸோடு முடிந்தது. ஐந்தாவதுக்குப் பிறகு எட்டு ரன் வித்தியாசம் இருந்தால் ஏழு இன்னிங்ஸ்வரை இழுக்க மாட்டார்கள். இரண்டாவது 4–6.

நான் எழுத நினைப்பது தோல்வியைப் பற்றி இல்லை. அந்தத் தோல்வி எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதல் இன்னிங்ஸ், இரண்டாவது பந்து. ஷார்ட்ஸ்டாப் பக்கம் சாதாரணமாக உருண்டு வந்த பந்து, கடைசி அடியில் மண்ணில் எதிலோ பட்டு எகிறி அவள் தோளில் மோதியது. உள்ளரங்கில் இப்படி நடக்காது. அங்கே தரை வழவழ என்று இருக்கும். பந்து எந்த உயரத்தில் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். இங்கே சாஃப்ட்பால் இன்ஃபீல்டில் புல்லே கிடையாது, முழுக்க மண். ஸ்பைக் காலணிகள் கிளறிய குழிகள், ஓரங்களில் உதிரிக்கட்டி. பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 60 அடிதான், பேஸ்பாலில் 90. வேகமாக ஓடுகிற பெண் மூன்று நொடிக்குள் முதல் பேஸைத் தொட்டுவிடுவாள். பந்தை ஒரு முறை தடுமாறிப் பிடித்தாலே அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாள். தட்டிவிட்ட பந்தை எடுத்து எறிய இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்று இந்த ஆட்டத்தில் கிட்டத்தட்ட இல்லை.

அப்பா மூன்றாவது இன்னிங்ஸில் சொன்னார்: "பிள்ளைக எல்லாம் நிமிந்து நிக்குதுக பாத்தியா? சிமென்ட் தரையில ஆடிப் பழகினவங்க அப்படித்தான் நிப்பாங்க. எங்க பயலுக மண்ணுல ஆடும்போது குனிஞ்ச முதுகு நிமிராது. பந்து எங்க எகிறும்னு தெரியாதுல்ல, அந்தப் பயம்தான் குனிய வைக்கும்."

அதற்குப் பிறகு எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. எல்லோருடைய இடுப்பும் இருக்க வேண்டியதைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

அடுத்தது உயரப் பந்து. கூரைக்குக் கீழே இரண்டு மாதம் ஆடியவர்கள் வானத்தில் எழும்பிய பந்தைப் பார்த்தே நாளாகிறது. சூரியன், காற்று, பின்னணியில் கூரையோ சுவரோ இல்லாத வெறும் நீலம். நான்காவது இன்னிங்ஸில் வலப்பக்கம் எழும்பிய ஒரு சிறிய பந்துக்கு மூன்று பேர் ஓடினார்கள். என் மகள், முதல் பேஸ் பெண், ரைட்ஃபீல்டர். மூவருக்கும் நடுவில் அது பொத்தென்று விழுந்தது. ஒருத்தியும் "எனக்கு" என்று குரல் கொடுக்கவில்லை. மூத்தவள் எடுப்பாள் என்று இளையவள் நின்றாள். இளையவள்தானே கிட்டே இருக்கிறாள் என்று மூத்தவள் நின்றாள். இளசான அணியின் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு பந்தைத்தான் சொல்வேன்.

என் மகளும் ஒரு தவறு செய்தாள். முதல் பேஸில் எதிரணி ஆள் நிற்கும்போது பன்ட் அடித்தால், அதாவது மட்டையைக் குறுக்கே பிடித்துப் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டால், முதல் பேஸ் பெண் பந்தை எடுக்க முன்னால் ஓடிவருவாள். காலியான அந்த பேஸுக்கு இரண்டாம் பேஸ் பெண் போய் நிற்க வேண்டும். மகள் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் எடுத்து எறிந்த பந்து ஆளில்லாத பேஸைத் தாண்டி வேலிவரை ஓடியது. இரண்டு ரன்.

அவள் முகம் அப்போதே மாறிவிட்டது. அடுத்த பந்தும் அவளிடமே வந்தது, சுலபமான பந்து. அதையும் விட்டாள்.

இரவு அப்பா ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வந்து காட்டினார். மூன்று பத்தி: வந்த பந்து, தவறு, தவறுக்கு அடுத்த பந்து. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்துப் பதினொரு தவறுகள். அந்தப் பதினொன்றில் ஐந்து, ஏற்கெனவே நடந்த ஒரு தவறுக்கு அடுத்து அதே ஆளிடம் வந்த பந்தில் நடந்தவை. "ஜெயிச்சது தோத்தது இப்ப வேண்டாம்மா. இந்த மூணாவது பத்தியைப் பாரு. இது குறைஞ்சா அணி தேறிடும்" என்றார். இந்த வாரம் முழுக்க நானும் அதையே பார்க்கப் போகிறேன்.

மார்ச் 9, திங்கள்

ஒரு தோல்வி 2–3, ஒரு வெற்றி 7–5.

இன்று பிட்சர்களை, அதாவது பந்து வீசுகிறவர்களைப் பற்றி. மூவர் இருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி. அவள் வேகம் குறைவு, ஆனால் பந்தைத் தாழ்வாகவே வைக்கத் தெரிந்தவள். மற்ற இருவரும் முதலாண்டு. அவர்களில் ஒருத்தி உயரமானவள், மணிக்கு 60 மைலைத் தொடுகிறாள். பள்ளியில் அவளுடைய பெரிய ஆயுதம் ரைஸ்பால். மேலே ஏறுவதுபோல் தோன்றும் பந்து. உண்மையில் அது ஏறுவதில்லை. பின்சுழற்சியால் நாம் எதிர்பார்க்கிற அளவு இறங்காமல் வருகிறது, கண் ஏமாந்துவிடுகிறது. பள்ளியில் மட்டை பிடிப்பவர்கள் நெற்றி உயரத்தில் வந்தாலும் அதைத் துரத்தி வீசி அவுட் ஆவார்கள். கல்லூரியில் ஆடுகிறவர்கள் துரத்துவதில்லை, சும்மா நின்று பார்க்கிறார்கள். நடுவர் 'பால்' (எல்லைக்கு வெளியே போன பந்து) என்கிறார். அப்படி நான்கு ஆனால் மட்டை பிடித்தவள் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். நேற்று அவள் ஏழு பேரை அப்படி நடக்க விட்டாள்.

இன்று இரண்டாவது ஆட்டத்தில் நான்காவது இன்னிங்ஸில் அவளை மறுபடி இறக்கினார்கள். நேற்று அப்படி ஆனவளை இன்றே இறக்கியதற்குப் பயிற்சியாளரை நான் பாராட்டுகிறேன். ஒதுக்கி வைத்திருந்தால் அந்தப் பிள்ளை இரவெல்லாம் அதையே நினைத்துக் கொண்டிருந்திருக்கும். இறங்கியவள் முதல் பந்தை மெதுவாக, சேஞ்சப்பாக, நடு உயரத்தில் போட்டாள். ஸ்ட்ரைக். அடுத்தவளுக்கும் முதல் பந்து ஸ்ட்ரைக். இப்படி மூன்று ஆனால் மட்டை பிடித்தவள் அவுட். முதல் பந்து ஸ்ட்ரைக் ஆகிவிட்டால் மட்டை பிடித்தவள் மனசில் அவசரம் வந்துவிடும். அப்போது அந்த ரைஸ்பாலைத் துரத்துவாள். துரத்தினார்கள். மூன்று இன்னிங்ஸில் இரண்டு பேரைத்தான் நடக்க விட்டாள். ஆறாவதில் இரண்டு ரன் கொடுத்தாள், பரவாயில்லை.

கடைசி இன்னிங்ஸை மூன்றாம் ஆண்டுப் பெண் வந்து முடித்தாள். ஆண்டின் முதல் வெற்றி. பிள்ளைகள் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை, கூடாரத்துக்கு அடியில் வந்து அப்படியே புல்லில் படுத்துவிட்டார்கள். நான் புளியோதரை கொண்டுபோயிருந்தேன், கடலை போடாமல் செய்தது. காலியாகிவிட்டது.

அப்பாவின் மூன்றாவது பத்தியில் இன்று மூன்று.

மார்ச் 10, செவ்வாய். ஆட்டம் இல்லை

பிள்ளைகளுக்கு ஓய்வு. ஓய்வு என்றாலும் காலை விடுதியின் உணவறை முழுக்க மடிக்கணினிகள். இடைத்தேர்வுகள் முடியவில்லை. என் மகள் உயிரியல் ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஷார்ட்ஸ்டாப் பெண் தோளில் ஐஸ் பையோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் படம் எனக்கு ரொம்ப நாள் நினைவிருக்கும்.

அப்பாவும் நானும் சிட்ரஸ் டவர் பார்க்கப் போனோம். 1956-இல் திறந்த கோபுரம், 226 அடி. அந்தக் காலத்தில் மேலே ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஆரஞ்சுத் தோட்டம் தெரியுமாம். பூக்கிற பருவத்தில் ஊரே மணக்குமாம். 1980-களில் அடுத்தடுத்து வந்த கடுங்குளிரில் தோட்டங்கள் கருகிப் போயின. 1983, 1985, 1989. மறுபடி நட்டவர்களும் கடைசியில் நிலத்தை விற்றுவிட்டார்கள். இப்போது மேலே நின்றால் ஏரிகள் தெரிகின்றன, அவற்றைச் சுற்றி வீட்டுக்கூரைகள்.

அப்பா கண்ணாடிக்கு வெளியே வெகு நேரம் பார்த்தார். அவர் வளர்ந்தது கரிசல் மண்ணில். ஒரு மழை தப்பினால் ஒரு வருஷம் போகும் என்று பார்த்து வளர்ந்தவர். "ஒரே ராத்திரியிலயா போச்சு?" என்றார். "சில ராத்திரிகள்ல" என்றேன்.

கீழே இறங்கியதும், அந்த வேர்க்கடலை ஆகாத பிள்ளைக்கு என்று ஒரு பை ஆரஞ்சு வாங்கினார்.

மார்ச் 11, புதன்

ஒரு ஆட்டம் 3–8 தோல்வி. இரண்டாவது தொடங்கும் முன் இடி. கடைசி மின்னலுக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்று முறை காத்திருந்தோம், நான்காவது இடிக்குக் கைவிட்டார்கள். நனைந்த கூடாரத்தை விடுதி வராந்தாவில் காயப்போட்டிருக்கிறோம்.

மார்ச் 12, வியாழன்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறேன்.

நேற்றைய மழைக்குப் பிறகு மண் கனமாக, ஈரமாக இருந்தது. பந்து எகிறவில்லை, சிக்கிச் சிக்கி வந்தது. இப்போது வேறு விதமான சிக்கல்: பந்து வரட்டும் என்று நின்றால் வராது, இவர்கள்தான் முன்னே போக வேண்டும். முதல் இன்னிங்ஸிலேயே பயிற்சியாளர் அணி உட்காரும் டக்அவுட்டிலிருந்து ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார், "போ, போ". பிள்ளைகள் போனார்கள். எல்லோருடைய இடுப்பும் தாழ்ந்திருந்தது. அப்பா என்னைத் தொட்டுக் காட்டினார், நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஆட்டத்தில் 5–2 வெற்றி. ஐந்தாவது இன்னிங்ஸில் ஞாயிற்றுக்கிழமை விழுந்த மாதிரியே ஒரு பந்து, வலப்பக்கம், மூவருக்கும் நடுவில். இந்தத் தடவை என் மகள் பின்னால் ஓடிக்கொண்டே கத்தினாள். மேலே பெற்றோர் இருக்கைவரை கேட்டது. ரைட்ஃபீல்டர் அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். முன்னால் ஓடிவருகிறவளுக்குத்தான் பந்து நன்றாகத் தெரியும், அவளுக்கே முன்னுரிமை என்பது ஒழுங்கு. மகள் குனிந்து விலகிவிட்டாள். ரைட்ஃபீல்டர் சறுக்கிப் பிடித்தாள். வேலி ஓரத்தில் நின்ற நான்காம் ஆண்டுப் பெண் சென்டர்ஃபீல்டிலிருந்து இருவரிடமும் ஓடிவந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று ராத்திரி மகளிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் கத்தினீங்க, அதுதான் எனக்கு வேணும்னு சொன்னாம்மா."

இரண்டாவது ஆட்டம் 4–5 தோல்வி. பலமான அணி எதிரே. அந்த அணியில் இடக்கை ஸ்லாப்பர்கள் இருவர் இருந்தார்கள். பந்து வருவதற்கு முன்பே காலை எடுத்து ஓடத் தொடங்கி, ஓட்டத்தோடு ஓட்டமாகப் பந்தைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள். ஷார்ட்ஸ்டாப்புக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே மெதுவாகத் தட்டினால் போதும், எறிவதற்குள் முதல் பேஸில் நிற்பார்கள். இவர்களை எப்படித் தடுப்பது என்று எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டடி முன்னால் வந்து நின்றார்கள். உடனே ஒருத்தி பலமாக அடித்துப் பந்தை அவர்களைத் தாண்டி அனுப்பினாள். இதெல்லாம் உள்ளரங்கில் படித்து வருகிற பாடம் கிடையாது. ஐம்பது ஸ்லாப்பர்களைப் பார்த்தபின் கால் தானாக நகரும்.

ஆறாவது இன்னிங்ஸில் ஒரு பன்ட். முதல் பேஸில் ஆள். என் மகள் பந்தைப் பார்க்கவே இல்லை. மட்டை குறுக்கே வந்த கணமே திரும்பி முதல் பேஸுக்கு ஓடினாள். கேட்சர் எறிந்தபோது அங்கே கை நீட்டி நின்றாள். அவுட்.

ஆட்டம் முடிந்து வேலியருகே வந்தவளிடம் அப்பா, "எப்படித் தாயி இன்னிக்கு மறக்கல?" என்றார்.

"தினமும் ராத்திரி ரூம்ல நாங்க நாலு பேரும் தலைகாணிய பேஸ் மாதிரி போட்டு நடந்து நடந்து பாக்குறோம் தாத்தா. யாரு எங்க போகணும்னு."

அப்பா நோட்டில் இதையும் எழுதிக்கொண்டார். தவறுகளுக்கான பக்கத்தில் இடமில்லை என்று பின்னட்டையில் எழுதினார்.

மார்ச் 13, வெள்ளி. கடைசி நாள்

6–1 வெற்றி, 0–4 தோல்வி. மொத்தம் ஒன்பது ஆட்டம், மூன்று வெற்றி, ஆறு தோல்வி.

இனி என்ன எதிர்பார்க்கலாம்? பெற்றோர் கூடாரத்தில் இன்று முழுக்க இதே பேச்சு. என் மனதில் பட்டதை எழுதி வைக்கிறேன், மே மாதம் திரும்பிப் பார்க்க.

தடுப்பாட்டம் தேறும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு தவறு செய்தவர்கள் இன்று இரண்டு ஆட்டத்தில் மூன்றுதான் செய்தார்கள். மூன்றாவது பத்தி இன்று காலி. ஷார்ட்ஸ்டாப் பெண் காலையில் ஒரு பந்தைத் தவறவிட்டாள், அடுத்த பந்தும் அவளிடமே போனது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். குனிந்து, இரண்டு கையாலும் எடுத்து, நிதானமாக எறிந்தாள்.

பிட்சிங்கில் எனக்குக் கவலை உண்டு. உயரமான முதலாண்டுப் பெண் நன்றாக வருகிறாள். ஆனால் மூவரில் இரண்டாவது முதலாண்டுப் பெண்ணுக்கு வியாழன் முதல் தோளின் முன்பக்கம் வலி. கீழிருந்து சுழற்றி வீசுவது உடம்புக்கு இயல்பான வீச்சு, எத்தனை பந்து வேண்டுமானாலும் வீசலாம் என்று ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. அந்தச் சுழற்சியில் தோளுக்கும் புஜத்துக்கும் கடுமையான இழுப்பு உண்டு. இன்று அவளை வீசவிடவில்லை, நல்லது. லீக் தொடங்கியதும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்று டபுள்ஹெடராகவே வரும். இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஏப்ரல் முழுக்க ஓட்ட முடியாது. மூன்றாவது தோள் ஆறியாக வேண்டும்.

அடிப்பதில் இன்னும் நாளாகும். இன்றைய இரண்டாவது ஆட்டத்தில் நல்ல பிட்சர் ஒருத்தியைப் பார்த்ததும் ஒரு ரன்கூட வரவில்லை. முதலாண்டுப் பிள்ளைகள் முதல் சுற்றில் ஏமாந்தது சரி. இரண்டாவது முறை மட்டையோடு வரும்போதும் அதே பந்துக்கு அதே மாதிரி ஏமாந்தார்கள். அதுதான் மாற வேண்டும். இன்னொரு விஷயம், இங்கே 27 டிகிரியில் அடித்த மட்டையை மிச்சிகனில் 5 டிகிரியில் பிடிக்க வேண்டும். கை விறைத்துப் போகும், காம்போசிட் மட்டைகள் குளிரில் விரிசல் விடும். எங்கள் ரன்கள் மே மாதத்துக்குள் வந்து சேர்ந்தால் சந்தோஷம்.

லீக் சுலபமில்லை. எங்கள் கல்லூரி ஆடும் எம்.ஐ.ஏ.ஏ. 1888-இல் தொடங்கிய பழைய கூட்டமைப்பு. அதில் இருக்கும் ட்ரைன் பல்கலைக்கழகம் 2023-இல் மூன்றாம் பிரிவின் தேசியப் பட்டத்தையே வென்ற அணி. ஹோப் கல்லூரியும் லேசுப்பட்டதில்லை. இந்தப் பிள்ளைகள் இந்த ஆண்டு பட்டியலில் நடுவில் வந்தாலே நான் இனிப்பு செய்வேன். இதே பத்துப் பேர் மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது எப்படி இருப்பார்கள் என்பதை நினைத்தால்தான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருத்தியும் விலகாமல் இருக்க வேண்டும். மூன்றாம் பிரிவில் இதுதான் பெரிய ஆபத்து. கட்டிப்போட உதவித்தொகை இல்லை. படிப்புச் சுமை கூடும், ஆய்வக வகுப்பு மாலையில் வரும், யாராவது ஒருத்தி இரண்டாம் ஆண்டில் மட்டையை வைத்துவிடுவாள். தலைகாணியை பேஸாகப் போட்டு நடந்த அந்த நாலு பேரும் சேர்ந்தே இருக்கட்டும்.

மாலையில் நான்காம் ஆண்டுப் பெண் அப்பாவிடம் வந்து, நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். மகள் மொழிபெயர்த்தாள். மூன்றாவது பத்தி என்ன என்று புரிந்ததும் அவள் ஒவ்வொரு நாளின் பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு இதுதான் கடைசி ஃபுளோரிடா பயணம். அவளுடைய பக்கத்தில், ஒன்பது ஆட்டத்திலும், ஒரு தவறும் இல்லை. அப்பா அதைத் தொட்டுக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து இரண்டு கையையும் கூப்பினாள். மகள் சொல்லிக் கொடுத்திருப்பாள் போல.

மார்ச் 15, ஞாயிறு. வீடு

நேற்று காலை கிளம்பி, டென்னசியில் தூங்கி, இன்று மாலை நான்குக்கு வந்து சேர்ந்தோம். ஓஹையோவில் மறுபடி பனி தொடங்கியது. வரும் வழியில் கல்லூரிக்குப் போய்க் கூடாரங்களையும் பந்து வாளியையும் இறக்கி வைத்தோம். மைதானத்தின் வேலிக்குள் கணுக்கால் அளவுக்குப் பனி இருந்தது. இரண்டாம் பேஸ் எங்கே இருக்கும் என்று அப்பா கேட்டார். கையால் காட்டினேன். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாளை முதல் பிள்ளைகள் மறுபடி உள்ளரங்கில். லீக் ஆட்டங்கள் 28-ஆம் தேதி, சனிக்கிழமை, இதே மைதானத்தில் தொடங்குகின்றன, அதற்குள் பனி கரைந்து மண் காய்ந்தால்.

இரவு சாப்பிட்டு முடித்ததும் அப்பா டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் போட்டு 24 என்ற தேதியை ஒருமுறை படித்தார்.

"இதை ஒரு வாரம் தள்ளிப்போட எவ்வளவு கேப்பாங்கம்மா?"

விமான நிறுவனத்துக்குப் போன் போட்டிருக்கிறேன். வரிசையில் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், நோட்டில் புதுப் பக்கத்துக்கு மூன்று கோடு போட்டபடி.